ட்ரெய்லர் பிரேக் விட்டு விட்டு வேலை செய்கிறதா? ஒயரிங் கோளாறைப் பிடிக்கும் வழி

நெடுஞ்சாலையில் ஒரு குழியில் ஏறி இறங்கியதும் வண்டிக்குள் இருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கண்ட்ரோலரின் திரை மினுக்கும், ட்ரெய்லர் இணைப்பில் இல்லை என்று காட்டும். இரண்டு நொடியில் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மின்சார டிரம் பிரேக் உள்ள கேம்பர், படகு, சரக்கு ட்ரெய்லர்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. நின்றிருக்கும் வண்டியில், சுமை ஏற்றாத ஒயரில் சோதித்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் சிக்காது. ஒயரில் முழு மின்சாரம் ஓட வேண்டும், அந்த நேரத்தில் அதை ஆட்டவும் வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் செய்யத்தான்.

இவை அமெரிக்கா, கனடாவில் புழங்கும் 7 பின் பிளக், 12 வோல்ட் மின்சார டிரம் பிரேக்குக்கானவை. மின்சாரத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பம்ப் உள்ள டிஸ்க் பிரேக்குக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

முதலில் கோளாறின் குணத்தைப் பாருங்கள்

கண்ட்ரோலரிலிருந்து ஒரு நீல ஒயர் பின்னால் போகிறது. அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் காந்தத்துக்கு ஒரு கிளை பிரிகிறது. மின்சாரம் வெள்ளை எர்த் ஒயர் வழியாகத் திரும்பி வருகிறது. எல்லாக் காந்தங்களும் பேரலலில் இருப்பதால் அறிகுறியை வைத்தே இடத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

"இணைப்பு இல்லை" என்று வந்தால் எல்லாச் சக்கரத்துக்கும் பொதுவான இடத்தில்தான் அறுபடுகிறது: பிளக், நீல ஒயரின் முதல் பகுதி, அல்லது எர்த். ஒரே ஒரு காந்தம் விட்டுப்போனால் பல கண்ட்ரோலர்கள் அதைக் கண்டுகொள்ளாது. பிரேக் பலவீனமாகும், ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். ஷார்ட் அல்லது ஓவர்லோடு என்று காட்டினால் நீல ஒயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. பெடலைத் தொடாமலே பிரேக் பிடித்தால் பிரேக்அவே ஸ்விட்சைச் சந்தேகியுங்கள் (ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்க வைப்பது இது).

எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில் வந்தால் பிளக் கேபிள், குழியில் வந்தால் ஆக்சில் பக்கம், மழைக்குப் பின் வந்தால் ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ் அல்லது பிரேக்அவே ஸ்விட்ச்.

தேவையானவை

மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (ஏசி மட்டும் அளப்பது உதவாது), நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒயர் ஒரு ஜோடி, 55 வாட் ஹெட்லைட் பல்பு, ஜாக்கி, ஸ்டாண்ட், சக்கரக் கட்டை, காண்டாக்ட் கிளீனர், டைஎலெக்ட்ரிக் கிரீஸ், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர்கள் (இரு ஒயர் முனைகளை இணைத்து, சூடு காட்டினால் சுருங்கி மூடுபவை), 12 கேஜ் இரட்டை ஒயர். இவற்றில் கிளாம்ப் மீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் இந்தக் கோளாறு நாள் கணக்கில் இழுக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, இரு பக்கமும் கட்டை வைத்த பிறகே தொடங்குங்கள். கோளாறு தீரும்வரை பாரம் ஏற்றி இழுக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்கு பிரேக் சட்டப்படி கட்டாயம். விட்டு விட்டுப் பிடிக்கும் பிரேக்கை பிரேக் என்று கணக்கில் வைக்க முடியாது.

படி 1: வண்டியிலா, ட்ரெய்லரிலா?

பிளக்கைக் கழற்றுங்கள். வண்டியின் சாக்கெட்டில் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஹெட்லைட் பல்பை இணைத்து, கண்ட்ரோலரின் கை லீவரை ஒருவர் மெதுவாக நகர்த்தட்டும். பல்பு மங்கலில் தொடங்கிச் சீராகப் பிரகாசமாக வேண்டும். லீவரைப் பிடித்தபடியே சாக்கெட்டையும் பம்பருக்கு அடியில் உள்ள ஒயரையும் ஆட்டுங்கள். பல்பு சிமிட்டினால் கோளாறு வண்டிப் பக்கம்.

இங்கே பல்புக்குப் பதில் மீட்டர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கண்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதால் மீட்டரில் எண் நிலைக்காது. கம்பெனியே பொருத்திய கண்ட்ரோலர்களில் சில, பல்பை ட்ரெய்லராக ஏற்காமல் மின்சாரமே விடாது. அப்போது பிரேக் நன்றாக உள்ள வேறொரு ட்ரெய்லரை மாட்டிப் பாருங்கள்.

ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிரேக்குக்கு நீலம், எர்த்துக்கு வெள்ளை என்பது பெரும்பாலும் சரி. மற்ற நிறங்கள் கேம்பர்களில் மாறும், பழைய ட்ரெய்லரில் யாரோ இடையில் வேறு நிறத்தை ஒட்டியிருக்கவும் கூடும்.

படி 2: பிளக்

பின்களில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கிளீனர் அடித்து, கிரீஸ் தடவுங்கள். தளர்ந்த பிளேடைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் லேசாக விரியுங்கள். ட்ரெய்லர் பிளக்கைத் திறந்து உள்ளே உள்ள ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். வெளியே பளபளக்கும் பிளக்கின் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து கிடப்பது சாதாரணம். கேபிள் தரையில் உரசக் கூடாது, முழுத் திருப்பத்தில் இழுபடவும் கூடாது.

படி 3: பேட்டரியால் பிரேக்கை இயக்குங்கள்

வண்டியிலிருந்து பிளக் கழன்றிருக்கட்டும். பேட்டரியின் பாசிட்டிவை ஃபியூஸ் வழியாக ட்ரெய்லர் பிளக்கின் பிரேக் பின்னுக்கும், நெகட்டிவை எர்த் பின்னுக்கும் கொடுங்கள். இனி ஓடுவது வெட்டுப்படாத நேர் மின்சாரம், அளவை நம்பலாம்.

கிளாம்ப் மீட்டரை நீல ஒயரை மட்டும் சுற்றி மாட்டுங்கள். மொத்தக் கேபிளையும் சுற்றினால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும். 10, 12 அங்குல பிரேக்கில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் அல்லது சற்று மேல் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 முதல் 14 வரலாம். 9 அளவில் நின்றால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. 6 என்றால் இரண்டு காந்தம் இல்லை, அநேகமாக ஓர் ஆக்சில் முழுதும். காந்தம் சூடாகச் சூடாக எண் சற்று இறங்குவது இயல்பு. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் மின்சாரத்தை விட்டு வைக்காதீர்கள்.

ஓம் அளந்தால் போதாதா என்று கேட்கலாம். நல்ல காந்தம் சுமார் 3.2 ஓம், நான்கு சேர்ந்தால் 0.8. மீட்டர் ஒயரின் தடையே இதில் பாதியைத் தின்றுவிடும். அதைவிட முக்கியமாக, பத்தொன்பது இழையில் ஒரே இழை மிஞ்சிய ஒயரும் ஓம் சோதனையில் தேறிவிடும். 12 ஆம்பியர் ஓடும்போதுதான் அது தோற்கும்.

படி 4: ஆட்டுங்கள்

ஒருவர் மீட்டரை மட்டும் கவனிக்கட்டும். மற்றவர் பிளக்கில் தொடங்கி, கேபிள், முன்பக்க ஜங்ஷன் பாக்ஸ், ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தின் அடியில் போகும் ஒயர், ஆக்சில் என்று ஒரு கை நீளம் ஒரு கை நீளமாகப் பிடித்து வளைத்து, இழுத்து, தட்டிக்கொண்டே போகட்டும். எண் துள்ளும் இடத்தில்தான் கோளாறு. நீல நிற வெட்டு கனெக்டர்கள், அதாவது ஒயரைச் சீவாமல் கடித்துப் பிடிக்கும் வகை, கண்ணில் பட்டால் அவற்றை முதலில் பாருங்கள். குளிர்கால சாலை உப்பு அவற்றுக்குள் எளிதில் ஏறிவிடும்.

பிறகு சட்டத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்க விடுங்கள், இறக்குங்கள். சட்டத்திலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் ஒயர் குட்டையாக இருந்தால் தொங்கும்போது எண் விழும். சக்கரத்துக்குப் பின்னால் காந்தத்தின் இரு ஒயர்கள் வெளிவரும் இடத்தையும் இழுத்துப் பாருங்கள். டயரை முன்னும் பின்னும் அசைத்தால் காந்தத்தின் கை நகரும், உள்ளே அறுந்த ஒயர் அதில் தெரியும்.

படி 5: விட்டு விட்டு வரும் ஷார்ட்

ஃபியூஸ் போகிறது என்றால் எல்லாச் சக்கரத்திலும் காந்த ஒயர்களைப் பிரித்துவிடுங்கள். ஃபியூசை அடுத்து ஹெட்லைட் பல்பைத் தொடராகச் சேர்த்து மின்சாரம் கொடுங்கள். போக வழி இல்லாததால் பல்பு எரியக் கூடாது. ஆட்டும்போது எங்கே எரிகிறதோ அங்கே ஷார்ட்.

ஒயர் ஆக்சில் குழாய்க்குள் ஓடும் ட்ரெய்லர்களில் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கட்டுப்படாத ஒயர் குழாயின் உள்சுவரிலும் துளையின் கூரான விளிம்பிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசித் தோலுரிகிறது. குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டினால் பல்பு பளிச்சிடும். அந்த ஒயரை உள்ளே புதுப்பிக்க முயல வேண்டாம். இரு முனையிலும் வெட்டிக் கைவிட்டு, 12 கேஜ் ஒயரைப் பிளவுக் குழாயில் போட்டு ஆக்சிலின் பின்புறமாக வெளியே கொண்டு போங்கள். ஆக்சிலில் துளை போடவோ வெல்ட் வைக்கவோ கூடாது.

காந்தத்தைத் தனியாகச் சோதிக்க, அதன் ஒயருக்கும் உலோக உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். எந்த இணைப்பும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தேய்ந்துவிட்டது. ஆக்சிலின் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

படி 6: எர்த்

வெள்ளை ஒயர் அறுந்தாலும் மின்சாரம் கொக்கியின் பந்து வழியாகத் திரும்பும். பந்தில் கிரீஸும் துருவும் உண்டு, ட்ரெய்லர் குலுங்கும்போது தொடர்பு போய்ப் போய் வரும். கோளாறு விட்டு விட்டு வர இது முக்கியமான காரணம். பிரேக்குக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடும்போது, பேட்டரி நெகட்டிவுக்கும் காந்தத்தின் எர்த் இணைப்புக்கும் இடையே வோல்ட் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் மோசம். சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு விட்ட எர்த்தைச் சுரண்டிச் சரிசெய்வதைவிட, சக்கரம்வரை தனி வெள்ளை ஒயர் இழுப்பது மேல்.

படி 7: பிரேக்அவே ஸ்விட்ச்

பிளக்கைக் கழற்றிவிட்டே ஸ்விட்சின் ஊசியை இழுங்கள். மாட்டியபடி இழுத்தால் கண்ட்ரோலர் கெடலாம். இழுத்ததும் காந்தங்களுக்கு மின்சாரம் போக வேண்டும், ஊசியைத் திரும்பச் செருகியதும் நீல ஒயரில் பூஜ்ய வோல்ட். இப்போது ஸ்விட்சின் மேல் தண்ணீர் தெளித்து மறுபடி அளங்கள். ஏதாவது வோல்ட் தலைகாட்டினால் உள்ளே ஈரம் இறங்குகிறது. அதைப் பழுது பார்க்காமல் புதிதாக மாற்றுங்கள்.

இணைப்புகளும் கடைசிச் சோதனையும்

12 கேஜ் ஒயருக்கு மஞ்சள் பட் கனெக்டர். காந்தத்தின் ஒயர் மெல்லியது என்பதால் மஞ்சளில் தளர்ந்து நிற்கும். சீவிய முனையை இரண்டாக மடித்துச் செருகுங்கள், அல்லது ஒரு பக்கம் சிறுத்த கனெக்டர் வாங்குங்கள். ராட்செட் கிரிம்பரால் அழுத்தி, பலமாக இழுத்துப் பார்த்த பிறகே சூடு காட்டுங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கி வர வேண்டும்.

முடித்ததும் கிளாம்ப் மீட்டரில் முழு ஆம்பியர் வருகிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, ஆளில்லாத சாலையில் 30 - 40 கிலோமீட்டர் வேகத்தில் கை லீவரை இழுத்துச் சோதியுங்கள். பழுதான ஒயரிங்கை ஈடுகட்ட கண்ட்ரோலரின் கெயினை, அதாவது பிரேக்குக்கு அனுப்பும் மின்சார அளவை, முன்பு ஏற்றியிருந்தால் இப்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதனால் கெயினைக் கீழே இறக்கி, சக்கரம் பூட்டும் எல்லைக்குச் சற்றுக் குறைவாக வரும்வரை படிப்படியாக ஏற்றுங்கள்.