டொமைனின் நேம் சர்வரும் டிஎன்எஸ்செக்கும் சரியாக இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

வேலூர், ஆம்பூர், ஆரணிப் பக்கம் செருப்புக் கம்பெனிக்கும் பட்டுச்சேலைக் கடைக்கும் சைட் செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஹோஸ்டிங் மாற்றிக் கொடுத்த மறுநாள் கடைக்காரர் கூப்பிடுவார்: "என் போன்ல திறக்குது தம்பி, சென்னைப் பார்ட்டிக்குத் திறக்கலையாம்." உடனே சைட்டைக் குடையாதீர்கள். டொமைனைப் பாருங்கள், அதாவது சைட்டின் முகவரி எங்கே என்று சொல்லும் நேம் சர்வரை.

டெர்மினலில் டொமைன் விவரத்தைக் கேட்கும் டிக் கட்டளை கொடுத்து, டொமைன் பெயர், என்எஸ் (நேம் சர்வர்), கூட்டல் குறியோடு டிரேஸ் என்று அடியுங்கள். ரூட் சர்வர், டாட் காம் சர்வர், கடைசியில் உங்கள் நேம் சர்வர் என வரிசையாகப் பதில் வரும். டாட் காம் சொல்லும் பட்டியலும் உங்கள் சர்வர் சொல்லும் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங்கின் பெயர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

நேம் சர்வரின் பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே இருந்தால், அதன் ஐபி முகவரியையும் ரிஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் வாங்கிய கம்பெனியிடம், பதிய வேண்டும். இதுதான் குளூ ரெக்கார்டு. சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

அப்புறம் டிஎன்எஸ்செக். நேம் சர்வர் தரும் பதில் போலி இல்லை என்று காட்ட அதற்குச் சாவியால் கையெழுத்துப் போடும் ஏற்பாடு இது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். டிக்கில் டிஎஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். உங்கள் சாவி எது என்று டாட் காமில் பதிந்திருக்கும் குறிப்பு அது. காலியாக வந்தால் டிஎன்எஸ்செக் போடவில்லை. சைட் ஓடும், ஆனால் பதிலை யாராவது போலியாக மாற்றினால் கண்டுபிடிக்க வழியில்லை. பதில் வந்தால், அதன் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் கீ டேக். அடுத்து டிஎன்எஸ்கீ, அதாவது உங்கள் நேம் சர்வரில் இருக்கும் சாவிகளைக் கேட்டு, கூட்டல் குறியோடு மல்டிலைன் சேருங்கள். ஒவ்வொரு சாவிக்கும் 'கீ ஐடி' என்று ஓர் எண் வரும். குறித்த எண் அங்கே இல்லையா? பழைய ஹோஸ்டிங்கின் டிஎஸ் இன்னும் டாட் காமில் கிடக்கிறது.

கையெழுத்தைச் சரிபார்த்து முகவரி தேடித் தரும் 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொதுச் சர்வர்கள் அந்த டொமைனுக்கு 'சர்வ்ஃபெயில்', அதாவது பதில் தர முடியவில்லை, என்று சொல்லிவிடும். சரிபார்க்காத நெட் கம்பெனியில் இருப்பவருக்குச் சைட் வழக்கம்போலத் திறக்கும். கடைக்காரருக்குத் திறந்து பார்ட்டிக்குத் திறக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். உறுதி செய்ய 8.8.8.8-இடம் கேட்கும்போது கூட்டல் குறியோடு சிடி சேருங்கள். அது சரிபார்க்காமல் பதில் கொடு என்று சொல்வது. அப்போது மட்டும் முகவரி வந்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான். எல்லாம் சரியாக இருந்தால், சிடி இல்லாமலே பதில் வரும், கொடிகள் வரியில் 'ஏடி' இருக்கும்.

கட்டளை பழகாதவர்கள் ஜோன்மாஸ்டர், டிஎன்எஸ்விஸ் தளங்களில் டொமைனைக் கொடுத்தும் பார்க்கலாம்.

ஹோஸ்டிங் மாற்றும்போது முதலில் ரிஜிஸ்ட்ராரிடம் பழைய டிஎஸ்ஸை நீக்குங்கள். டாட் காமில் அது 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், கேஷில் (கேட்ட சர்வர்களின் தற்காலிக நினைவில்) நிற்கும். அந்த ஒரு நாள் கழியட்டும். அதன்பிறகு நேம் சர்வரை மாற்றுங்கள். டாட் காமில் பழைய நேம் சர்வர் விவரம் இரண்டு நாள் கேஷில் இருக்கும் என்பதால் பழைய ஹோஸ்டிங்கை உடனே மூடிவிடாதீர்கள். புது இடத்தில் கையெழுத்து ஓடத் தொடங்கி, பழைய விவரமும் கேஷிலிருந்து போன பிறகுதான் புது டிஎஸ்ஸைப் பதிய வேண்டும்.