ஃபுட்டரில் தேதி தப்பாக வந்தது, இப்படிச் சரிசெய்தேன்

வாடகை ஒப்பந்தத்தின் மூன்று வரைவுகளையும் ஒரே நாளில் அச்செடுத்தேன், மூன்றிலும் ஃபுட்டரில், அதாவது பக்கத்தின் அடிப்பகுதியில், அன்றைய தேதியே இருந்ததால் எது கடைசியாகத் திருத்தியது என்று தெரியாமல் தவித்துப்போனேன். காரணம், வேர்டில் நான் போட்டிருந்தது 'டேட்' ஃபீல்டு (ஃபீல்டு என்பது வேர்டே தகவலை நிரப்பும் இடம்). அது எப்போதும் இன்றைய தேதியைத்தான் காட்டும். அதை அழித்துவிட்டு இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், ஃபீல்டு என்று போய், நேரத்தோடு வரும் வடிவத்தில் 'சேவ்டேட்' வைத்தேன். கடைசியாகச் சேமித்த நாளும் மணியும் வந்துவிட்டன. அதன் பக்கத்திலேயே கோப்பின் பெயரைக் காட்டும் 'ஃபைல்நேம்' ஃபீல்டையும் வைத்தேன். கோப்பு இருக்கும் இடமும் வேண்டுமென்றால் அங்கேயே ஒரு டிக் போதும்.

அப்புறம் ஒன்று, வேறு பெயரில் சேமித்தாலும் ஃபுட்டரில் பழைய பெயரே நின்றது. ஃபுட்டரில் இரட்டைக் கிளிக் செய்து, கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9 அழுத்தினேன். 'வரைவு-2' உடனே 'வரைவு-3' ஆனது.