சுவருக்கு மரப்பலகை: நிறுத்தி அடிப்பதா, படுக்கை வாக்கில் அடிப்பதா?

செங்கல் சுவரின் மேல் மரப்பலகை அடிக்க முடிவு செய்தவர்கள், பலகையைச் செங்குத்தாக நிறுத்துவதா, படுக்கை வாக்கில் அடிப்பதா என்பதை வீட்டின் முகப்புத் தோற்றத்தைக் காட்டும் எலிவேஷன் படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்துவிடுகின்றனர். நிற்கும் பலகை சுவரை உயரமாகவும் கிடக்கும் பலகை அகலமாகவும் காட்டும் என்பது உண்மையே. 20 அடி முகப்புள்ள மனைக்கு அந்தக் கணக்கும் தேவைதான். ஆயினும், சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதுரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பலகை எத்தனை காலம் தாங்கும் என்பது பெரிதும் அதன் கீழ்முனையைப் பொறுத்தது.

மரம் தன் வெட்டுமுனை வழியாகவே தண்ணீரை அதிகம் உறிஞ்சும். செங்குத்தாக நிறுத்தினால் எல்லாப் பலகைகளின் வெட்டுமுனையும் தரையை நோக்கியிருப்பதால், தெறிக்கும் மழைநீர் அத்தனையையும் ஒருசேர நனைக்கும். கரையானுக்கும் அதுவே வாசல். படுக்கை வாக்கில் அடித்தால் கெடுவது பெரும்பாலும் கீழ்வரிசைப் பலகை ஒன்றிரண்டுதான். அவற்றை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மேல்பலகை கீழ்ப்பலகையின் மீது 1 அங்குலமேனும் ஏறியிருக்க வேண்டும். திருகாணியை அந்த ஏற்றத்துக்குச் சற்று மேலே, மேல்பலகையில் மட்டும் பாயுமாறு முடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாமல் பலகை வெயிலில் பிளந்துவிடும்.

ஆகவே சன்ஷேட் இல்லாமல் சாரல் நேராக அடிக்கும் சுவருக்குப் படுக்கை வாக்கே என் தேர்வு. போர்டிகோவுக்குள் அடங்கிய சுவருக்குச் செங்குத்துப் பலகையைத் தயங்காமல் எடுக்கலாம். தெருப்புழுதி தங்குவதற்கு அதில் விளிம்பு இல்லை (வீட்டில் துடைக்கிறவர்களைக் கேட்டால் இதையே முதலில் சொல்வார்கள்). ஆனால் அடியில் ஒன்றரை அடிக்குக் கருங்கல் பதித்து, அதற்கு மேலேதான் பலகையைத் தொடங்க வேண்டும். கீழ்முனையை, முன்விளிம்பு தாழ்ந்தும் பின்விளிம்பு உயர்ந்தும் இருக்குமாறு சாய்வாக அறுத்தால் நீர் முன்பக்கமாகச் சொட்டிப் போகும். அறுத்த முகத்துக்கு, சுவரில் ஏற்றுவதற்கு முன்பே பெயின்ட் இரண்டு கை பூசிவிடுங்கள்.

ரீப்பர் (பலகையைத் தாங்கச் சுவரில் முதலில் அடிக்கும் மரச்சட்டம்) வேலையைக் கூட இருந்து பார்ப்பது நல்லது. படுக்கைப் பலகைக்கு ரீப்பர் செங்குத்தாக ஓடுவதால், பலகைக்குப் பின்னால் காற்று தடையின்றி மேலேறும். செங்குத்துப் பலகைக்கோ ரீப்பர் குறுக்கே ஓடிக் காற்றையும் வடியும் நீரையும் மறிக்கும்; எனவே முதலில் சுவரில் செங்குத்து ரீப்பரும் அதன் மேல் குறுக்கு ரீப்பருமாக இரண்டடுக்கு அடிக்க வேண்டும். மரச்செலவும் ஆசாரி கூலியும் அதற்கேற்பக் கூடும்.

எந்த வாக்கானாலும், மேற்குச் சுவருக்கு 4 அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வேண்டாம். மாலை வெயிலில் அது குழிந்து வளையும். மரக்கடையில் பச்சை மரத்தைத் தள்ளிவிட்டு, நன்கு காய்ந்த தேக்கைக் கேட்டு வாங்குங்கள். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு என்றால் முதல் மழைக்காலத்திலேயே துருவேறிப் பலகையில் கறையாக வழியும்.