பழைய சினிமா கொட்டகையின் கதையைத் தேடுவது எப்படி?

முதலில் தெருப் பெயரைப் பாருங்கள். கோயம்புத்தூரில் வி.ஹெச். ரோடு என்று தினமும் சொல்கிறோம். விரித்தால் வெரைட்டி ஹால் ரோடு. அந்த வெரைட்டி ஹால், பேசாப்பட காலத்தில், 1914இல், சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய சினிமா கொட்டகை. என் அப்பாவிடம் கேட்டால், "அப்படி ஒரு தியேட்டரே கிடையாதே" என்பார். அவருக்கு அது டிலைட். பிற்பாடு பெயர் மாறியிருக்கிறது. அதனால் இரண்டு பெயர்களையும் வைத்துத் தேடுங்கள்.

அப்புறம், ஆளின் கதையையும் கட்டடத்தின் கதையையும் தனித்தனியாக எழுதுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். "1905இல் தொடங்கிய தியேட்டர்" என்று நோட்டில் எழுதி, நாலு பேர் முன்னால் வாசித்தும்விட்டேன். 1905இல் வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியர். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் அதில் இருந்தது. பிறகு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். நிலையான கொட்டகை எழும்ப ஒன்பது வருஷம் ஆனது.

"முதல் தியேட்டர்" என்று எழுதக் கை அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், வார்விக் மேஜரின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இலேயே வந்துவிட்டது. அதே சென்னையில் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி தியேட்டர் 1914. எதில் முதல், எந்த ஊரில் முதல், யார் கட்டியதில் முதல் என்று சொல்லாவிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். தரை டிக்கெட் வரிசை எந்தப் பக்கம் நின்றது என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். ஆனால் பேசாப்படம் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் தகப்பனார் சொல்லிக் கேட்டது. "அப்பா சொன்னது" என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் நின்றால், புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் ரூமைப் பாருங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் அந்த அறையைத் தனியாக அடைத்துக் கட்டுவார்கள். நேரில் ஒரு பழைய கட்டடம் பார்க்கவேண்டுமென்றால் அண்ணா சாலை தபால் நிலையத்துக்குப் போங்கள். 1915இல் மூடப்பட்ட அந்த எலெக்ட்ரிக் தியேட்டர்தான் அங்கே அஞ்சல்தலை விற்கும் இடமாயிற்று.

கடைசியாகக் காகிதம். படம் காட்ட லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தது 1918இல். அந்த லைசென்ஸ் காகிதங்களைத் தேடிச் சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு ஆவணக் காப்பகத்தில் போய் "தியேட்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள், நாடக சபாக்களும் சேர்ந்து வரும். அந்தச் சட்டத்தில் சினிமாவுக்கு இருந்த பெயரைச் சொல்லி, "சினிமாட்டோகிராஃப்" என்று கேளுங்கள்.