ரயில் பாஸ் எடுத்துத் தனியாக ஐரோப்பா சுற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜெர்மனியில் ஹாம் என்று ஓர் ஊர். பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐசிஇ என்ற அதிவேக ரயில்களில் பல அங்கே நின்று இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும். இன்னொரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டூசல்டார்ஃபுக்குப் போகும். முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. கொலோனில் அறை போட்டுவிட்டு, காலியாக இருந்த பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஹாமுக்குச் சற்று முன்பு பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி என் போனில் இருந்த ஊர்ப் பெயரையும் பெட்டிக்குள் இருந்த திரையையும் மாறி மாறிக் காட்டினார். அதில் கொலோன் என்ற பெயரே இல்லை. ரயில் நின்றதும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் ஓடி மற்ற பாதியில் ஏறினேன்.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, ஓடியிருக்கவே வேண்டாம். டூசல்டார்ஃபில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடித்தால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கொலோன். ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் ஏறலாம் என்பதால், பாஸ் வைத்திருப்பவருக்குப் புது டிக்கெட் வேண்டாம். அந்த ரயிலைப் போனில் பாஸ் இருக்கும் ஆப்பில் சேர்த்துவிட்டு ஏறினால் போதும். தப்பான ரயிலில் ஏறலாம், பிடித்த ஊரில் இறங்கலாம், மழை பெய்தால் வேறு திசைக்குத் திரும்பலாம். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய வரம், கூட வருபவரிடம் கேட்க வேண்டியதுகூட இல்லை. பாஸுக்கு நாம் கொடுக்கும் காசு இந்த வசதிக்குத்தான். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வசதியைத்தான் பறிக்கின்றன.

வாங்கும்போதே நடக்கும் தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாஸில் இரண்டு பெயர்கள் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போனால் யூரெயில். இந்தியப் பாஸ்போர்ட்டே இருந்தாலும் பாரிஸிலோ லண்டனிலோ சட்டப்படி குடியிருப்பவர் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குடியிருக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். இரண்டுமே 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரைக்கும், 60 வயதுக்கு மேலும் விலை குறைவு.

அடுத்தது எத்தனை நாள் பாஸ் என்ற கணக்கு. தொடர் பாஸ் என்றால் 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்று தினமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிளெக்ஸி பாஸ் என்றால் ஒரு மாதத்துக்குள் ஏதாவது 4, 5 அல்லது 7 நாள், அல்லது இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள். தனியாகப் போகிறவர்கள் ஆசையில் தொடர் பாஸ் எடுத்துவிடுவார்கள். தினமும் ரயில் ஏறினால்தானே அதில் லாபம்? அப்புறம் காசு வீணாகிவிடுமே என்று காலை எழுந்ததும் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருக்கும். பாஸ் நம்மை விரட்ட ஆரம்பித்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஃபிளெக்ஸிதான் சரி என்பது என் கருத்து.

ஃபிளெக்ஸியிலும் ஒரு சின்ன வகுத்தல் போட வேண்டும். பாஸின் விலையை நாள்களால் வகுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு, இரண்டாம் வகுப்பில், 7 நாள் பாஸில் ஒரு நாள் ஏறத்தாழ 50 யூரோவைத் தாண்டும். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட்டும் மலிவு. அதற்கு ஒரு பாஸ் நாளைச் செலவழிப்பது நஷ்டம். அந்த மாதிரிக் குட்டிப் பயணங்களுக்குத் தனியாக டிக்கெட் வாங்கிவிட்டு, ஆம்ஸ்டர்டாம் – பெர்லின் போல ஆறு மணி நேரம் ஓடும் நாள்களுக்கும், டிக்கெட் விலை கூடிய சுவிட்சர்லாந்து நாள்களுக்கும் பாஸை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், முன்பதிவு. பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்று நினைத்து வருபவர்கள் பாரிஸ் ஸ்டேஷனில் முதல் அடி வாங்குகிறார்கள். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா ஆகிய அதிவேக ரயில்கள், ஸ்பெயினின் நெடுந்தூர ரயில்கள், லண்டன் போகும் யூரோஸ்டார், அநேகமாக எல்லா இரவு ரயில்களும் பாஸுக்கு மேல் தனி முன்பதிவு கேட்கும். டிஜிவிக்கும் ஃப்ரெச்சாரோஸாவுக்கும் 10 முதல் 20 யூரோ வரை ஆகும், யூரோஸ்டாருக்கு 30 யூரோ அல்லது அதற்கு மேல். பணத்தை விடப் பெரிய சிக்கல், யூரோஸ்டார் போன்ற ரயில்களில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு. ரயிலில் இடம் இருக்கும், டிக்கெட்டும் விற்றுக்கொண்டிருப்பார்கள், பாஸ்காரருக்கான இடம் மட்டும் தீர்ந்திருக்கும். கோடையில் யூரோஸ்டாரையும் இரவு ரயிலையும் வாரக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யாவிட்டால் நம்ப முடியாது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் இப்போதே பதிவு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அது அடுத்த தவறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களுக்கு முன்பதிவே வேண்டாம். பாஸ் உண்மையில் விளையாடும் மைதானம் இதுதான். பிரான்ஸிலும் இத்தாலியிலும்கூட வேகம் குறைந்த வழி ஒன்று இருக்கும். பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஜிவி 2 மணி நேரம். டிஜோன் வழியாகப் போகும் டிஇஆர் என்ற வட்டார ரயிலில் ஏறத்தாழ 5 மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுத்தால் முன்பதிவும் வேண்டாம், பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களையும் சன்னலோரம் பார்த்துக்கொண்டே போகலாம். இத்தாலியில் ரெஜியோனாலே என்று எழுதிய ரயில்களும் அப்படித்தான். பயணத்தில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் முன்பதிவு என்ற ஆணியை அடித்துக்கொண்டு, நடுவே இருக்கும் நாள்களைத் திறந்து விடுங்கள்.

இத்தாலியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஃப்ரெச்சாரோஸாவும் சிவப்பு, இத்தாலோ என்ற தனியார் ரயிலும் சிவப்பு, இரண்டும் ஒரே ஸ்டேஷன்களிலிருந்து கிளம்பும். இத்தாலோவில் பாஸ் செல்லாது.

பாஸ் இப்போது ஆப்பில்தான். பாஸை வாங்கி ஆப்பில் போட்டதோடு வேலை முடியவில்லை. முதல் பயணத்துக்கு முன் அதைத் தொடங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு ரயிலையும் ஏறும் முன்பே பயணப் பட்டியலில் சேர்த்து, அந்த நாளைப் பயண நாளாக இயக்க வேண்டும். அப்போதுதான் கியூஆர் கோடு வரும். பரிசோதகர் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் நடத்துவார்கள். ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. ஆப் இணையம் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தைப் பார்த்தாக வேண்டும். பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்திருங்கள், பாஸில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பயண நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. இரவு ரயிலுக்குச் சலுகை உண்டு. இரவு 10 மணிக்கு ஏறி, நடுவில் மாறாமல் காலை 8 மணிக்கு இறங்கினால், ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. காலையில் இறங்கியதும் இன்னொரு ரயில் ஏறினால் அது புது நாள். நள்ளிரவு தாண்டி 12.10க்குக் கிளம்பும் ரயில் என்றால் அதன் தேதி மறுநாள் தேதி. முன்பதிவிலும் பலர் கோட்டைவிடும் இடம் இது.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இங்கே செய்யும் தவறுக்கு மன்னிப்பே இல்லை. பாஸ் செல்லும் 33 நாடுகளில் எல்லாமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகள், அல்ல. பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, போஸ்னியா, மான்டநீக்ரோ, துருக்கி எல்லாம் வெளியே இருப்பவை. ஒரு முறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டால், பிரிட்டன் விசா சரியாகவே இருந்தாலும், திரும்பி பாரிஸுக்குள் நுழைய முடியாது. ஷெங்கன் நாடுகளுக்குள் ரயிலில் எல்லை வந்துபோவதே பெரும்பாலும் தெரியாது என்பதால் கவனம் கூடுதலாக வேண்டும். பல முறை நுழையும் விசாவைக் கேட்டு விண்ணப்பியுங்கள். விசா கையில் வரும் முன் தள்ளுபடி விலை பாஸை வாங்க வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது.

ரயில்கள் நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கையை நாட்டுக்கு நாடு மாற்றிக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஐந்து நிமிட இடைவெளியில் ரயில் மாறலாம், பெரும்பாலும் நடக்கும். ஜெர்மனியில் 2024இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன, அதுவும் 6 நிமிடத் தாமதத்துக்குள் வந்ததையும் சேர்த்த கணக்கு. ஜெர்மனிக்குள்ளேயே சுற்றினால் பரவாயில்லை, அடுத்த ரயிலில் ஏறலாம். முன்பதிவு செய்த ஒரு டிஜிவியைப் பிடிக்க வேண்டிய நாளில் ஒன்றரை மணி நேரமாவது கையில் வையுங்கள். பாரிஸில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு, உதாரணமாகக் கார் து நோரிலிருந்து கார் து லியோனுக்கு, மாற வேண்டும் என்றால் அதற்கே ஒரு மணி நேரம். பாஸ் மெட்ரோவில் செல்லாது. இத்தாலியில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாளிலும் வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்துக்குள் ஊர் மாறிவிடலாம்.

ஊர்ப் பெயர்களும் ஏமாற்றும். வெனிஸில் மெஸ்த்ரே என்ற ஸ்டேஷன் நிலப்பகுதியில் இருக்கிறது. கால்வாய்க் கரையில் இறங்க வேண்டுமானால் சாந்தா லூச்சியா வரை போக வேண்டும். ஃபிராங்ஃபர்ட் இரண்டு இருக்கிறது, ஒன்று மைன் ஆற்றங்கரையில், இன்னொன்று போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில். பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் பிரான்ஸின் லீல் நகரத்தை ரைசல் என்று எழுதியிருப்பார்கள். உள்ளூர்ப் பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பது எவ்வளவு உதவும் என்பது போனில் சார்ஜ் போகும்போதுதான் தெரியும்.

தனியாகப் போவதால் மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. கழிவறைக்குப் போகும்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் தூக்கி நடக்கக்கூடிய ஒரே பெட்டி, பாஸ்போர்ட்டும் கார்டும் உடம்போடு ஒட்டிய ஒரு சிறு பை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கதவோரத் தட்டில் பெட்டியை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். ஸ்டேஷனில் கதவு மூடும் நொடியில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு முக்கோண இடம் இருக்கும், பெட்டி அங்கே அடங்கும், கண்ணிலும் படும். ரோம் டெர்மினி, மிலன், பார்சிலோனா போன்ற ஸ்டேஷன்களில் டிக்கெட் எந்திரத்துக்குப் பக்கத்தில் வலிய வந்து உதவுபவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாஸ், மேப், அறை, பணம் எல்லாம் ஒரே போனில் இருக்கிறது. பவர் பேங்க் கட்டாயம். பாஸ் எண்ணைத் தாளில் எழுதி வைத்தால் வேறு போனுக்கு மாற்ற உதவும். இரவு ரயிலில் தனியாகப் போகும் பெண்களுக்கு, நைட்ஜெட் ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான படுக்கை அறை உண்டு, பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் இருக்கையில் இரவைக் கழித்து மிச்சம் பிடிக்கும் காசு மறுநாள் தூக்கத்தில் போய்விடும். ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். சாப்பாட்டை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன் கழிவறைக்கு ஒரு யூரோ கேட்பார்கள், ரயிலில் இலவசம், இறங்கும் முன் போய்விடுங்கள்.

கடைசியாக, பெயர்பெற்ற சுற்றுலா ரயில்களின் பின்னால் ஓடுவது. சுவிட்சர்லாந்தின் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில், அதே பனிமலையையும் புரூசியோவின் வட்டப் பாலத்தையும் தாண்டிச் சாதாரண வட்டார ரயிலும் போகிறது. அதற்குப் பாஸ் மட்டும் போதும், சன்னலையும் திறக்கலாம்.

நான் எல்லோரிடமும் சொல்லும் பாதை ஆஸ்திரியாவின் செம்மரிங் மலை ரயில் பாதை. பொறியாளர் கார்ல் ஃபான் கேகா கட்டி 1854இல் திறந்தது, 16 பாலங்களோடு மலைமேல் ஏறும் 41 கிலோமீட்டர், 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து கிராட்ஸ் போகும் ரயில்ஜெட் விரைவு ரயில் இந்த வழியில்தான் போகிறது. முன்பதிவு வேண்டாம், கூடுதல் கட்டணமும் இல்லை. செம்மரிங்கில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறி, அங்கே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி மரங்களுக்கு நடுவே போகும் நடைபாதையில் பிரைட்டன்ஸ்டைன் வரை நடந்தால், ஆஸ்திரியாவின் பழைய 20 ஷில்லிங் நோட்டில் அச்சான பாலம் கண்முன் நிற்கும். அதற்கு அரை நாள் வேண்டும். பிரைட்டன்ஸ்டைனில் அடுத்த வட்டார ரயில் வரும்போது ஏறிக்கொள்ளுங்கள், ஏறும் முன் ஆப்பில் சேர்க்க மறக்க வேண்டாம்.