முட்டி நின்ற டிடிஎஃப் பிரிண்டர்: என் அனுபவம்

ஆறு வண்ண போட்டோ பிரிண்டர் ஒன்றை டிடிஎஃப் அச்சுக்கு (படத்தை ஃபிலிமில் அச்சிட்டு, வெப்பத்தால் துணிக்கு மாற்றும் முறை) மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒரு நாள் அதை இயக்கியதும், மை தெளிக்கும் ஹெட்டைச் சுமக்கும் கேரேஜ் ஓரத்தில் படாரென முட்டி, பிழை விளக்குகள் மின்ன நின்றுவிட்டது. மெயின் போர்டு போய்விட்டதென்றே அஞ்சினேன். மின்னிணைப்பைத் துண்டித்துக் கையால் தள்ளியபோது கேரேஜ் தடையின்றி ஓடியதால், மோட்டாரையும் பெல்ட்டையும் விட்டுவிட்டு, அதன் பின்னால் நீளவாக்கில் செல்லும் என்கோடர் பட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதிலுள்ள நுண்கோடுகளை சென்சார் எண்ணித்தான் கேரேஜ் இருக்குமிடம் கணக்கிடப்படுகிறது. அங்கே வெள்ளை மை தெறித்துக் காய்ந்து, ஏறத்தாழ இரண்டு அங்குலம் கோடுகளை மறைத்திருந்தது. ஆல்கஹால் சில பட்டைகளின் கோடுகளையே அழித்துவிடும் என்பதால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, நூல் உதிராத துணியால் இருபுறமும் பொறுமையாக நான்கைந்து முறை துடைத்தேன். பட்டை உலர்ந்தபின் இயக்கினேன். கேரேஜ் முட்டவில்லை, பிழையும் வரவில்லை.