போரில் மாண்ட கால்பந்து வீரரின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி

முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் தொழில்முறைக் கால்பந்து வீரரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய கிளப்பிலிருந்து தொடங்குவார்கள். இறப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதே நல்லது. ஆட்டப் பதிவுகளில் பெயர் மட்டும்தான் இருக்கும். ராணுவப் பதிவில் அவருடைய படை எண்ணும் இருக்கும்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. படைப்பிரிவு, எண், இறந்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எண்களை ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனித்தனியாக வழங்கியது. அதனால் ஒரே எண் இருவருக்கு இருக்கலாம், படை மாறினால் எண்ணும் மாறலாம். எண்ணையும் ரெஜிமென்ட்டையும் சேர்த்தே எழுதுங்கள். பிரான்ஸில் உள்ள தியப்வால் நினைவுச்சின்னத்தில் பெயர் இருந்தால் 'அங்கே புதைக்கப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். அங்குள்ள 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லறை அறியப்படாதவர்களுடையவை.

1914 டிசம்பரில் உருவான 17ஆவது மிடில்செக்ஸ் (மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17ஆவது பட்டாலியன்), அதாவது 'கால்பந்து பட்டாலியன்', வீரர்களின் எண்ணுக்கு முன் 'எஃப்' (F) என்ற எழுத்து வரும். அதை மட்டும் வைத்து ஒருவரை ஆட்டக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது. ரசிகர்களும் அதில் சேர்ந்தார்கள்.

அடுத்து லண்டன் தேசிய ஆவணக் காப்பகம். சாதாரணச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின. கோப்பு கிடைக்காவிட்டால், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்று குறித்த பதக்க அட்டையைப் பாருங்கள். 1914–15 ஸ்டார் பதக்கம் இருந்தால் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர் என்று தெரிந்துவிடும். பிறகு பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. இறந்த நாளன்று படை எங்கே நின்றது, என்ன செய்தது என்பது அதில் கிடைக்கும். ஆனால் அது அதிகாரிகளைத்தான் பெயர் சொல்லும், சிப்பாய்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான்.

சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவரைச் சிப்பாய்ப் பதிவுகள், அதிகாரிப் பதிவுகள் என இரண்டு இடங்களில் தேட வேண்டும். டாட்டன்ஹாம், நார்த்தாம்ப்டன் கிளப்புகளுக்கு ஆடிய வால்டர் டல் அப்படிப்பட்டவர். 17ஆவது மிடில்செக்ஸில் சேர்ந்தவர், 23ஆவது மிடில்செக்ஸின் செகண்ட் லெப்டினன்டாக 1918 மார்ச் 25 அன்று கொல்லப்பட்டார். உடல் மீட்கப்படவில்லை. பிரான்ஸில் உள்ள அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கிறது.

கடைசியாகத்தான் ஆட்டக் கணக்கு. இங்கிலாந்தின் கால்பந்து லீக் 1914–15 பருவத்தோடு நின்று 1919இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளின் போர்க்கால ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேராது. அவற்றில் வேறு கிளப் வீரர்கள் விருந்தினராகவும் ஆடினார்கள். கூட்டிப் போட்டால் கிளப்பின் பெயரும் தப்பும், எண்ணிக்கையும் தப்பும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ன என்றும் பாருங்கள். 'கால்பந்து வீரர்' என்று இல்லாவிட்டால் ஆள் மாறிவிட்டதாகப் பதற வேண்டாம். பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்கு ஆடி, வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற டொனால்ட் பெல் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர்தான்.